‘பார்த்திருப்பேன்’ என்று எழுதிய நாள்

1

இந்த மாதத்தோடு நான் கனடா வந்து பதினொரு வருடம் ஆகிறது. ஊரில் இருக்கும் நண்பர்கள் பனியைப் பற்றி எழுது என்கிறார்கள். பனியைப் பற்றி எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் ஆங்கில இலக்கணத்தைப் பற்றி எழுதப்போகிறேன். சிரிக்க வேண்டாம். போன வருடம் பிப்ரவரியில் அந்த இலக்கணம் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

என் பெயர் சேவியர். ராயபுரம் கல்மண்டபத்தில் பிறந்து, பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்து, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவன். முதல் வேலை தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறையில். கப்பலில் சரக்கு தூக்கும் சாமான்களை ரிப்பேர் பார்ப்போம். அங்கே நாங்கள் பேசியதில் பாதி ஆங்கிலம்தான். கயிறு மாட்டும் இரும்பு வளையத்துக்கு ஷேக்கிள், அப்புறம் ஹூக், வின்ச், புல்லி, பேரிங், ஸ்பேனர். “அந்த ஷேக்கிள எட்து ஹூக்ல மாட்டு” என்றால் அதில் கையில் எடுக்கிற பொருள் இரண்டும் ஆங்கிலம், செய்கிற காரியம் இரண்டும் தமிழ். அப்படியே பத்து வருடம், பிறகு எண்ணூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் ஆறு வருடம். ஆயிரம் ஆங்கிலப் பெயர்ச்சொல்லாவது எனக்குத் தெரிந்திருந்தது. வினைச்சொல் ஒன்றும் உருப்படியாகத் தெரியாது என்பது கப்பல்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை என்று சொல்ல முடியாது. ஒன்பதாம் வகுப்பில் ஆங்கில வாத்தியார் கரும்பலகை முழுக்கப் பன்னிரண்டு கட்டம் போட்டார். நேற்று நடந்தது, இன்று நடப்பது, நாளை நடக்கப்போவது, ஒவ்வொன்றுக்கும் நான்கு. எதிர்கால வரிசைக்கு வந்தபோது மணி அடித்துவிட்டது. “ஃப்யூச்சர் கன்டினியூவஸ், ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட், இந்த ரெண்டுலேந்து கேள்வி வராது, வுட்ருங்க” என்று துடைத்துவிட்டார். பரீட்சையில் வரவில்லை என்பது உண்மை. முப்பது வருடம் கழித்து வந்தது.

2

நான் வேலை பார்க்கும் துறைமுகத்தின் பெயர் இங்கே வேண்டாம். கிழக்குக் கரையில் இருக்கிறது, காற்று அதிகம். கப்பலிலிருந்து கன்டெய்னர் தூக்கும் கிரேன்களைப் பராமரிப்பது என் வேலை. காலை ஏழு மணியிலிருந்து மதியம் மூன்று மணி வரை என் ஷிப்ட். முடிந்ததும் அன்றைக்கு என்ன பார்த்தோம், என்ன பாக்கி என்று லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். அடுத்த ஷிப்டின் மேற்பார்வையாளர் டக்ளஸ் அதைப் படித்துவிட்டு வேலையை ஆரம்பிப்பார்.

அந்தப் பிப்ரவரி நாளில் நாலாம் நம்பர் கிரேனின் இரும்புக் கயிற்றைச் சோதித்திருக்க வேண்டும். காலையிலிருந்தே காற்று. அந்தக் காற்றில் யாரையும் மேலே ஏற விடமாட்டார்கள், கிரேனும் ஓடாது. மூன்று மணி வரை காத்திருந்து பார்த்தேன். குறையவில்லை. அப்போது என் மனதில் ஓடியது நல்ல தமிழ் வாக்கியம்தான்: ‘மூணு மணிக்குள்ள கயிறைப் பாத்திருப்பேன், காத்து ஜாஸ்தி.’ அதாவது, பார்க்க முடியவில்லை. காற்று மட்டும் இல்லையென்றால் பார்த்திருப்பேன். இதைப் படிக்கிற உங்களில் ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வராது.

லாக் புக்கில் அதை ஆங்கிலத்தில் எழுதினேன். “ஐ வில் ஹாவ் செக்டு த ரோப் பை த்ரீ. விண்ட் ஹை.” கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குப் போய்விட்டேன்.

வீட்டில் என் மகள் ஜெனி சமையலறை மேஜையில் நூடுல்ஸ் சாப்பிட்டபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. நான்கு வயதில் இங்கே வந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லுவாள். என்னோடு பேச வேண்டும் என்பதற்காக இல்லை, வந்த ஆளை விசாரிக்க வேண்டும் என்கிற மரியாதைக்காக, இன்றைக்கு வேலை எப்படி என்று கேட்டாள். நானும் என் ஆங்கிலத்தைக் காட்டினேன்.

“ஐ வில் ஹாவ் செக்டு த ரோப், பட் டூ மச் விண்ட்.”

“அப்போ செக் பண்ணிட்டியா?” இதை அதிசயமாகத் தமிழில் கேட்டாள்.

“இல்லம்மா. காத்து.”

“அப்போ ‘வுட் ஹாவ்’ப்பா. ‘வில் ஹாவ்’னா செஞ்சு முடிச்சிருப்பேன்னு ப்ராமிஸ் பண்ற மாதிரி.”

அவள் போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே மரத்தில் ஒரு கிளையும் அசையவில்லை. காற்று எப்போது நின்றதென்றே தெரியவில்லை. மணி நாலேகால்.

என் வாக்கியத்தை டக்ளஸின் கண்ணால் படித்துப் பார்த்தேன். மூன்று மணிக்குள் கயிற்றைச் சோதித்து முடித்திருப்பேன். காற்று அதிகம். காற்று குறைந்தால் கிரேனை ஓட்டலாம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

ஷிப்ட் ஆபீசுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சட்டையை மாட்டினேனா, ஸ்வெட்டரை மாட்டினேனா என்று நினைவில்லை. இருபது நிமிடம் ஓட்ட வேண்டிய தூரம். வாசலில் காவலாளி, ஷிப்ட் முடிந்தவர் எதற்கு உள்ளே போகிறீர்கள், அதற்கு ஒரு படிவம் இருக்கிறதே என்றார். அவரைத் தாண்டிப் பார்த்தால் நாலாம் நம்பர் கிரேனில் ஒரு சிவப்புக் கன்டெய்னர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளிக் கரையில் மூன்று பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

படிவத்தைப் பிறகு நிரப்பித் தருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஓடினேன். டக்ளஸின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் “நம்பர் ஃபோர். ஸ்டாப்” என்றேன். பதினொரு வருடத்தில் நான் பேசிய ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லாத வாக்கியம் அது. டக்ளஸ் ஏன் என்று கேட்கவில்லை. வயர்லெஸ்ஸை எடுத்து நிறுத்தச் சொன்னார். கரையில் நின்றவர்களை விலகச் சொன்னார்கள். கன்டெய்னர் மெதுவாக, ரொம்ப மெதுவாகக் கீழே இறங்கியது. அது தரையைத் தொட்டது. அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு நானும் இன்னொருவரும் ஏறிப் பார்த்தோம். கயிற்றில் இரண்டு இடத்தில் இழைகள் அறுந்திருந்தன. விதிப்படி அனுமதிக்கிற எண்ணிக்கையைவிட அதிகம். இறங்கி வந்து டக்ளஸிடம் சொன்னேன்.

அவர் கிரேனை நிமிர்ந்து பார்த்தார். “இன்னும் ஒரு மாதம் தாங்கியிருக்கலாம்” என்றார். “இன்றைக்கே போயிருக்கலாம்.”

3

விசாரணை மறுநாள் காலையில் நடந்தது. என் வாக்கியத்தை மேலாளர் படித்தார். பாதுகாப்புப் பிரிவிலிருந்து வந்த பெண்மணி மூன்று முறை படித்தார். தொழிற்சங்கத்து ஆள் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் படித்தார். நான் எழுதியதை இவ்வளவு பேர் இவ்வளவு கவனமாகப் படித்ததே இல்லை.

“என்ன அர்த்தத்தில் எழுதினீர்கள்?” என்று அந்தப் பெண்மணி கேட்டார். சொன்னேன். “தவறு என்று எப்போது தெரிந்தது?” என் மகள் நூடுல்ஸ் சாப்பிட்டபோது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

டக்ளஸ் ஒரு காரியம் செய்தார், அதை நான் மறக்கமாட்டேன். சோதனை நடந்தால் அதற்குத் தனியாக ஒரு தாள் இணைக்கப்பட்டிருக்கும், அது இருக்கிறதா என்று தான் பார்த்திருக்க வேண்டும், கப்பல் காத்திருந்த அவசரத்தில் பார்க்கவில்லை என்று அவரே சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

முடிவில் படிவத்தில் ‘மூல காரணம்’ என்று ஒரு கட்டம். அதில் இரண்டு வரி எழுதினார்கள். முதல் வரியில் ‘தாள் சரிபார்க்கப்படவில்லை’. இரண்டாவது வரியில் ஒரே சொல்: ‘மொழி’. எனக்கு வேலை போகவில்லை. ஆனால் கம்பெனி ஏற்பாடு செய்யும் பன்னிரண்டு வார ஆங்கில வகுப்பை முடித்துத் தேர்வில் தேறும் வரை லாக் புக்கில் தனியாகக் கையெழுத்துப் போடக் கூடாது. நான் எழுதியதைப் படித்து இன்னொருவர் சேர்ந்து கையெழுத்துப் போடுவார். அந்த இன்னொருவருக்கு ஷேக்கிள் என்றால் என்னவென்று நான்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்குப் போன் செய்வது வழக்கம். அங்கே சாயங்காலம் ஆகியிருக்கும். என் அண்ணன் லாரன்ஸ் காசிமேட்டில் மீன்பிடிப் படகுகளுக்கு என்ஜின் ரிப்பேர் பார்ப்பவர். வீடியோவில் என் முகத்தைப் பார்த்ததும் கேட்டார்.

“இன்னாடா, மூஞ்சி ஏன் இப்டி கீது?”

எல்லாவற்றையும் சொன்னேன்.

“எயுதுனதுல தப்பா? நம்ம பட்டறைல எவன்டா எயுதினான்? ‘கயிறு பாக்கல, ஏத்தாத’ன்னு ஒரு கொரல் வுட்டா போச்சு.”

“இங்க கத்தக் கூடாதுண்ணே. எல்லாத்தையும் எழுதணும்.”

“அப்ப ஒயுங்கா எயுதக் கத்துக்க. வெக்கம் இன்னாத்துக்கு? கீய மூணு பேரு நின்னுகினு இருந்தானுங்கன்ற.”

அவர் குரலில் கிண்டல் இல்லை. அதனால்தான் மறுநாளே வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன்.

4

பெயர் கொடுப்பதே ஒரு வேலையாகப் போயிற்று. பாஸ்போர்ட்டில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து கிடக்கும். கம்பெனி அட்டையில் வெறும் சேவியர். வகுப்பு அலுவலகத்தின் கணினி இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதை நம்ப மறுத்தது. கடைசியில் முதல் பெயர் இருந்த கட்டத்திலும் குடும்பப் பெயர் இருந்த கட்டத்திலும் சேவியர் என்றே போட்டுக் கொடுத்தார்கள். பன்னிரண்டு வாரமும் நான் சேவியர் சேவியர்.

ஆசிரியை ஆனெட்டுக்கு இருபத்தேழு வயது இருக்கும். வகுப்பில் ஒன்பது பேர். என் பக்கத்தில் ஹசன் என்று ஒரு சிரியாக்காரர், ரொட்டிக் கடையில் வேலை. மாவு வாசனையோடு வருவார்.

நாலாவது வாரம், துடைக்கப்பட்ட அந்த இரண்டு கட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். ஆனெட் பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டு, வலது பக்கம் தள்ளி ஒரு புள்ளி வைத்தார். “இது நாளைக்குக் காலை பத்து மணி. மனதால் அங்கே போய் நில்லுங்கள். அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்? அது ஒன்று. அங்கேயே நின்று திரும்பிப் பாருங்கள். அதற்குள் எதையெல்லாம் செய்து முடித்திருப்பீர்கள்? அது இன்னொன்று.”

இவ்வளவுதானா என்று இருந்தது. முதலாவது எங்கள் பேட்டையில் தினமும் பேசுகிற பேச்சு. ‘வந்துகினு இருப்பான்’, ‘தூங்கிகினு இருப்பான்’. வாத்தியார் துடைத்ததை நாங்கள் தெருவில் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறோம். சிக்கல் இரண்டாவதில். கையைத் தூக்கினேன். எங்கள் மொழியில் ‘பார்த்திருப்பேன்’ என்று ஒரு சொல் இருக்கிறது என்று ஆரம்பித்து, லாக் புக் கதையையும் சேர்த்து எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். ‘நாளைக்கு இந்நேரம் பார்த்திருப்பேன்’ என்றால் நிச்சயம் முடியும். ‘நேற்றே பார்த்திருப்பேன்’ என்றால் பார்க்கவில்லை, ஏதோ தடுத்துவிட்டது. ஆளை மாற்றி, ‘அவன் இந்நேரம் பார்த்திருப்பான்’ என்றால் ஊகம், பார்த்தானோ இல்லையோ. மூன்றும் ஒரே அச்சு.

ஆனெட் மூன்றையும் பலகையில் ஆங்கிலத்தில் எழுதினார். மூன்றும் மூன்று மாதிரி இருந்தன. “எந்த அர்த்தம் என்று கேட்பவர்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

“முன்னால் பின்னால் என்ன சொல்கிறோம் என்று பார்ப்பார்கள். முகத்தைப் பார்ப்பார்கள்” என்றேன்.

“உங்கள் லாக் புக்குக்கு முகம் இல்லையே” என்றார் ஹசன். வகுப்பே சிரித்தது. நானும்தான். பிப்ரவரிக்குப் பிறகு அதை நினைத்து நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஹசன் எழுந்து நின்று சொன்னார்: “நீங்கள் கண்விழிப்பதற்குள் நான் நானூறு ரொட்டி சுட்டு முடித்திருப்பேன்.” எல்லோரும் கைதட்டினோம். என் முறை வந்தது. ஜூன் மாதத்துக்குள் இந்த வகுப்பை முடித்திருப்பேன் என்றேன். ஆனெட், “அது எல்லோருக்கும் பொது. உங்களுக்கென்று ஒன்று” என்றார்.

யோசித்தேன். சாமான்யமான கேள்விதான். ஆனால் இன்ன தேதிக்குள் இன்னதைச் செய்திருப்பேன் என்று வேலைக்கு வெளியே நான் யாரிடமும் சொன்னதே இல்லை. அண்ணன் எப்போது வருகிறாய் என்று கேட்பார், பாக்கலாம்ணே என்பேன். அவர் மூத்த பெண் கல்யாணத்துக்குப் பாக்கலாம் என்றேன், போகவில்லை. கடைசியாக ராயபுரம் போனபோது ஜெனிக்கு எட்டு வயது. வகுப்பில் எட்டுப் பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன்: “கிறிஸ்துமஸுக்குள் நான் என் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன்.”

“பெர்ஃபெக்ட்” என்றார் ஆனெட். இலக்கணத்தைத்தான் சொன்னார். நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார், எழுதிக்கொண்டேன்.

5

அந்த நோட்டு சமையலறை மேஜையில் கிடந்தது. என் மனைவி ஷீலா முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். வேலை முடிந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நோட்டைப் புரட்டினாள்.

“ஏங்க, இது பாடமா, நெசமா?”

“பாடந்தான்.”

“எழுதிக் கையெழுத்து மாதிரி பேரும் போட்டிருக்கீங்க.”

“வகுப்புல எல்லாரும் போட்டாங்க.”

“செய்யாததை செஞ்சிருப்பேன்னு ஒருதடவை எழுதி பட்டது போதாதா?” என்றாள். அந்த வாரமே டிசம்பருக்கு லீவு எழுதிக்கொடுத்துவிட்டாள். மறுவாரம் நானும் எழுதிக்கொடுத்தேன். வேறு வழி தெரியவில்லை.

ஜெனி என்னுடைய வீட்டுப்பாடத்தைத் திருத்த ஆரம்பித்தது அதே சமயத்தில்தான். நான் விதியைச் சொல்லுவேன், வாக்கியம் தப்பாக வரும். அவளுக்கு விதியே தெரியாது, வாக்கியம் சரியாக வரும். “ஏன் இங்க ‘பீயிங்’ வரணும்?” என்று கேட்டால், “வேற மாதிரி சொன்னா காதுக்கு அசிங்கமா இருக்குப்பா” என்பாள். எனக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. எரிச்சலோடு ஒருநாள், “தமிழ்ல நாங்க பேசறதும் அப்படித்தான், விதி எல்லாம் யாருக்குத் தெரியும்” என்றேன். ‘வில் பீ கமிங்’ தமிழில் எப்படி என்று கேட்டாள். “வந்துகொண்டிருப்பேன்” என்றேன்.

“நீ அப்படிப் பேசினதே இல்லையே.”

உண்மைதான். வீட்டில் யார் பேசுகிறார்கள் அப்படி. அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் அவளே கேட்டாள். அதுவரை அவள் பெரியப்பாவோடு பேசுவது ஒரு சடங்கு. நல்லாருக்கீங்களா, நல்லாருக்கேன், அப்பாகிட்ட தர்றேன். அன்றைக்கு முக்கால் மணி நேரம் போன் அவள் கையில் இருந்தது.

“வந்துகினு இருப்பேன்,” என்று அண்ணன் சொல்லிக்கொடுத்தார். “துன்னுகினு இருப்பேன். தூங்கிகினு இருப்பேன். அவ்ளோதாம்மே. இதுக்குப் போயி உங்கப்பன் கிளாசுக்குப் போறான்.”

“வில் ஹாவ் ஃபினிஷ்ட்?”

“அப்டின்னா?”

“அதுக்குள்ள முடிச்சிருப்பேன்.”

“முட்ச்சிருப்பேன்.”

ஜெனி அதைத் தன் நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு பயிற்சிக்காக, “போட்ல போனவங்க வியாழக்கிழமை வந்திருப்பாங்க” என்றாள். அண்ணன் உடனே நிறுத்தினார்.

“அத்த மட்டும் சொல்லாத கண்ணு. கடலுக்குப் போனவன, வந்திருப்பான்னு முன்னாடியே சொல்லமாட்டோம். வரட்டும். வந்தப்றம் வந்தான்னு சொல்லிக்கலாம்.”

“ஏன்?”

“சொல்லமாட்டோம். அவ்ளோதான்.”

ஜெனி என்னைப் பார்த்தாள். எந்த இலக்கணப் புத்தகத்திலும் இல்லாத அந்த விதி அவளுக்கு உடனே பிடித்துவிட்டது. அதையும் நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள்.

6

தேர்வில் தேறினேன். மதிப்பெண்ணைச் சொல்லமாட்டேன், தேறினேன் என்பது போதும். பேச்சுத் தேர்வில், இன்னும் ஐந்து வருடம் கழித்து இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று கேட்டார்கள். கிரேனுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருப்பேன், என் மகள் என்னைத் திருத்திக்கொண்டிருப்பாள் என்றேன். தேர்வாளர் சிரித்தார். சிரித்ததற்கு மதிப்பெண் உண்டா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை டக்ளஸ் லாக் புக்கை என் முன்னால் வைத்தார். “இனிமேல் தனியாகவே கையெழுத்துப் போடலாம், சேவியர்.” பேனாவை எடுத்தேன். ஆனால் பன்னிரண்டு வாரமாக ஒரு விஷயம் எனக்குள் இருந்தது, அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

“இந்தப் பக்கத்தை மாற்ற வேண்டும்” என்றேன். “ஒரு தாளில் போட்டு வைத்திருக்கிறேன்.”

என் தாளில் மூன்று கட்டம்தான் இருந்தது. பார்த்தாயிற்று. பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால், கிரேன் ஓடலாமா கூடாதா. ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். கூடாது என்றால் ஒரு சிவப்பு அட்டையை எடுத்துக் கிரேனின் சாவியில் மாட்டிவிட வேண்டும். எதிர்காலத்துக்கு அந்தப் பக்கத்தில் இடமே இல்லை.

டக்ளஸ் இரண்டு முறை படித்தார். “பன்னிரண்டு வாரம் எதிர்காலத்தைப் படித்துவிட்டு வந்து, அதை எழுதவே கூடாது என்கிறீர்கள்.”

“ஆமாம். இங்கே பிறந்தவர்களுக்கும் சேர்த்துத்தான். போன மாதம் ஒருவர் ‘ஷுட் பீ ஓகே’ என்று எழுதியிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.”

எழுதியவர் டக்ளஸ்தான். பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாடியில் மேலாளர் அறைக்குப் போனார். ஆகஸ்டிலிருந்து நாங்கள் அந்தப் பக்கத்தைத்தான் நிரப்புகிறோம். யார் போட்டது என்று அதில் எழுதவில்லை. இரவு ஷிப்டில் சிலர் அதைச் சேவியர் ஷீட் என்கிறார்கள் என்று கேள்வி. நான் காதில் விழாதது மாதிரி நடந்துகொள்கிறேன்.

7

டிசம்பர் மூன்றாவது வாரம் ராயபுரம் போய்ச் சேர்ந்தோம். ஆறேழு வருடத்தில் என்னென்ன மாறியிருந்தது என்று எழுதினால் இது வேறு கட்டுரையாகிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். முதல் இரண்டு நாள் ஜெனி ஷீலாவின் பக்கத்தைவிட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவளைக் காணோம். பெரியப்பாவோடு ஸ்கூட்டரில் காசிமேடு போயிருக்கிறாள் என்றார்கள்.

மதியம் மூன்று மணிவாக்கில் நானும் போனேன். அண்ணனின் ஷெட் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது. ஒரு படகின் என்ஜினைக் கழற்றிக் கொண்டுவந்து தரையில் பரப்பி வைத்திருந்தார். அண்ணனின் தலையும் ஒரு கையும் என்ஜினுக்குள் இருந்தன. ஜெனி கவிழ்த்துப் போட்ட மீன் கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையிலும் கிரீஸோடு பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுத் தின்னச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது படகின் சொந்தக்காரர் தேசிங்கு வந்தார். ஐம்பது வயது, அவசரக்காரர்.

“லாரன்சு, எப்பத்தான் முடியும்? ஐஸ் வண்டிக்குச் சொல்லணும்.”

அண்ணன் வாயில் ஒரு நட்டைக் கவ்விக்கொண்டிருந்தார்.

“ஆறு மணிக்கு முட்ச்சிருப்போம்,” என்றாள் ஜெனி.

தேசிங்கு திரும்பிப் பார்த்தார். பேன்ட், பனியன் மாதிரி ஒரு சட்டை, கனடாவின் மேப்பிள் இலை போட்ட தொப்பி. “இது யாரு பொண்ணு?”

“என் பொண்ணு,” என்றேன்.

“வெளிநாட்ல கீறவன் பொண்ணா? பேச்சு நம்மாண்ட பேச்சா கீதே.” பிறகு அவளிடமே, “ஆறு மணி. கரெக்டா சொல்றியா? அப்பறம் ஐஸ் உருகிச்சுன்னா உன்னாண்டதான் கேப்பேன்.”

ஜெனி பெரியப்பாவைப் பார்த்தாள். என்ஜினுக்கு வெளியே இருந்த கை நிமிர்ந்து இரண்டு விரலைக் காட்டியது. இரண்டு மணி நேரம் கூடுதல் என்று அவளுக்குப் புரிந்தது.

“எட்டு மணிக்கு முட்ச்சிருப்போம்.”

“இப்பத்தானே ஆறுன்ன? அப்ப ஆறு மணிக்கு இன்னா பண்ணுவீங்க?”

“ஆறு மணிக்கு முட்ச்சுகினு இருப்போம்.”

என்ஜினுக்குள்ளிருந்து நட்டு கீழே விழுகிற சத்தம் கேட்டது. அண்ணன் சிரித்துவிட்டார். தேசிங்கும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அந்த நேரத்தில் என்னால் முடியவில்லை. தேசிங்கு போனை எடுத்து, ஐஸ் வண்டியை எட்டு மணிக்கு வரச் சொன்னார்.

நானும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். என்ஜின் ஏழே முக்காலுக்குக் கிளம்பியது.